பதினேழு நிமிடம்

மாசி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். விடியற்காலை ஐந்தரை மணி. மதுரையில் எங்கள் வீட்டு வாசலைத் தெளித்துக்கொண்டிருந்த பெரியம்மா, வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எதிர்வீட்டு வேம்பிலிருந்து ஒரு குரல். தொண்டையைச் சரிசெய்துகொள்வதுபோல் முதலில் இரண்டு தடவை தயங்கியது. பிறகு ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிட ஒரு படி மேலேறி, ஏழாவதோ எட்டாவதோ உச்சியைத் தொட்டுச் சட்டென்று நின்றது.

"குயிலு வந்துருச்சுடா" என்றார் பெரியம்மா. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டே கேட்டார்: "இன்னும் பனியே விடலை. வெயிலு வரப்போகுதுன்னு இதுக்கு யாரு சொன்னா?"

நானும் பல வருடமாக என்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான் இது. நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தபோது சித்திரையையும் வைகாசியையும்தான் இளவேனில் என்றார்கள். மாசியும் பங்குனியும் பின்பனி. குயிலோ பின்பனியின் தொடக்கத்திலேயே கூவத் தொடங்கிவிடுகிறது. இளவேனிலின் தூதன் என்று நாம் கொண்டாடும் பறவைக்கு, இளவேனில் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே சேதி போய்விடுகிறது. சேதியைக் கொண்டுபோனது யார்?

வந்த பறவையா, இருந்த பறவையா?

முதலில் பெரியம்மாவின் முதல் வாக்கியத்தைத் திருத்த வேண்டும். குயில் எங்கிருந்தும் வரவில்லை. ஐப்பசி மழையிலும் மார்கழிக் குளிரிலும் அதே தெருவில், அதே மரங்களில்தான் இருந்தது. ஆல், அரசு, அத்திப் பழங்களைத் தின்றுகொண்டு இலைகளுக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. நமக்குப் பாம்பைப் போல அச்சமூட்டும் மஞ்சள் அரளிப் பழத்தைக்கூட அது விழுங்கும். குரலை வைத்தே நாம் குயிலை அறிந்திருப்பதால், குரல் இல்லாத குயில் நம் கண்ணில் இல்லாத குயிலாகிவிடுகிறது.

இன்னொரு திருத்தமும் உண்டு. உச்சிக்கு ஏறும் அந்தக் கூவல் ஆண்குயிலுடையது. உடல் முழுக்கப் பளபளக்கும் கறுப்பு. கண் மட்டும் இரத்தச் சிவப்பு. பெண்குயில் பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளுமாக இருக்கும். 'கிக்-கிக்-கிக்' என்று விரட்டுவதுபோல் கத்தும். பாடுவது பெண்குயில் என்று எண்ணியவர்கள் நம்மில் நிறையப் பேர். தப்பில்லை, பெண்ணைக் காண்பதே அரிது.

குயில் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதில் நம் புதிருக்கு வேண்டிய ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. குயில் குஞ்சு காகத்தின் முட்டைகளுக்கு இரண்டு மூன்று நாள் முந்திப் பொரிந்து, காகம் ஊட்டும் இரையைத் தின்று வளர்கிறது. பெற்ற தாயும் தகப்பனும் இரை ஊட்டி அதை வளர்ப்பதில்லை. வளர்ந்த பிறகு அது காகத்தைப்போல் கரைவதில்லை, கூவுகிறது. எப்படிக் கூவுவது, எந்த மாதத்தில் கூவுவது என்று அதற்குக் கற்றுக்கொடுக்க ஆளே கிடையாது. ஆகவே பதில் இரண்டு இடத்தில்தான் இருக்க முடியும்: ஒன்று அதன் உடலுக்குள், மற்றொன்று அது பார்க்கும் வானத்தில்.

காத்திருந்தால் காரியம் கெடும்

வெயில் ஏறியதும் பறவை பாடத் தொடங்கினால் என்ன குறை? குயிலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, தானே கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் கொண்டைக்குருவியை எடுத்துக்கொள்வோம். கறுப்புக் கொண்டை, வாலடியில் ஒரு சிவப்புத் திட்டு. மல்லிகைப் பந்தலிலும் குரோட்டன்ஸ் செடியிலும் கை எட்டும் உயரத்தில் கிண்ணம்போல் கூடு வைக்குமே, அதுதான்.

கணக்கைப் பின்னோக்கிப் போடலாம். குஞ்சுகளுக்குப் புழு பூச்சி அதிகம் தேவைப்படும் நாள் சித்திரை முதல் தேதி என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்குக் குஞ்சுக்கு ஒரு வார வயதாவது இருக்க வேண்டும். அடைகாக்க ஏறத்தாழ இரண்டு வாரம். நாளுக்கு ஒரு முட்டையாக இரண்டு மூன்று முட்டை இட மூன்று நாள். கூடு கட்ட ஒரு வாரம். ஆக, பங்குனி தொடங்கியபோதே முதல் நாரைத் தூக்கியிருக்க வேண்டும். அதற்கும் முன்பு துணை தேடி, இடம் பிடித்து, அந்த இடத்தைப் பாட்டால் காத்திருக்க வேண்டும்.

அதற்கும் முன்பு இன்னொரு வேலை இருக்கிறது. அது வெளியே தெரியாது. பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் ஆண்டில் பெரும்பகுதி சுருங்கிக் கிடக்கின்றன. பறக்கும் உடலுக்குத் தேவையில்லாத பாரம் எதற்கு! ஆண் சிட்டுக்குருவியின் விதைப்பை ஓய்வுக்காலத்தில் கடுகளவே இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் அது பட்டாணி அளவுக்கு வளரும்; எடையில் நூற்றுக்கணக்கான மடங்கு. ஒரே இரவில் நடக்கிற காரியமில்லை, வாரக்கணக்கில் ஆகும். கூவலும் பாட்டும் அந்த வளர்ச்சியிலிருந்து சுரக்கும் ஹார்மோனின் வெளிப்பாடு.

பூச்சி பெருகியதைக் கண்ட பிறகு தயாராகத் தொடங்கும் பறவையின் குஞ்சு, பூச்சி தீர்ந்த பிறகுதான் வாய் திறக்கும். நாற்றங்கால் போடாமல் ஆற்றில் தண்ணீர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கும் விவசாயியின் கதைதான். பறவைக்கு வேண்டியது பருவம் வந்துவிட்டது என்ற செய்தி அன்று. வரப்போகிறது என்ற முன்னறிவிப்பு.

வெப்பத்தை நம்ப முடியாது. தையில் நாலு நாள் வெயில் அடித்துவிட்டு மாசியில் பனி மறுபடி இறங்கும். மழை ஒரு வருடம் முந்தும், ஒரு வருடம் பிந்தும். ஆண்டுக்கு ஆண்டு மாறாத ஒரே சேதி, பகலின் நீளம். பிப்ரவரி 15ஆம் தேதியின் பகல் நூறு வருடத்துக்கு முன்பு எத்தனை மணியோ, இன்றைக்கும் அத்தனை மணிதான்.

உறைபனியில் ஒரு பல்பு

இதை முதலில் சோதித்துக் காட்டியவர் வில்லியம் ரோவன். கனடாவின் எட்மன்டன் நகரில் விலங்கியல் பேராசிரியர். ஒவ்வோர் ஆண்டும் குறித்த நாள்களில் வலசை வரும் பறவைகளைப் பார்த்து, இவற்றுக்குத் தேதி எப்படித் தெரிகிறது என்று குடைந்துகொண்டிருந்தார். 1920களின் நடுவில் ஜங்கோ என்ற சிறு குருவிகளைப் பிடித்துத் திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்தார். ஒரு பகுதிக்கு இயற்கையான பகல் மட்டும். மற்றொரு பகுதிக்குச் சூரியன் மறைந்ததும் மின்விளக்கு. அது எரியும் நேரத்தை நாளுக்குச் சில நிமிடம் கூட்டிக்கொண்டே போனார்.

எட்மன்டனின் குளிர்காலம் நாம் கற்பனை செய்ய முடியாதது. வெப்பமானி பூஜ்யத்துக்கு வெகு கீழே கிடக்கும். அந்த உறைபனியிலும் விளக்கு வெளிச்சம் பெற்ற குருவிகளின் விதைப்பைகள் வளர்ந்தன. நடுக்குளிரில் அவற்றின் உடல் வசந்தத்தில் இருந்தது. விளக்கு இல்லாத கூண்டில் எந்த மாற்றமும் இல்லை. 1925இல் அவர் இதை வெளியிட்டார். குளிரோ உணவோ இடையே வரவில்லை. பகல் நீண்டதுதான் காரணம் என்பது அதன் சாரம். இதற்குத் தமிழில் 'பகல்நீள உணர்வு' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இதையே நம்மூர்க் கோழிப் பண்ணையில் பார்க்கலாம். நாமக்கல் பக்கம் விடியுமுன் பேருந்தில் போனால் நீளநீளமான கொட்டகைகளில் விளக்கு எரிவது தெரியும். முட்டைக்கோழிக்குச் சூரிய வெளிச்சமும் விளக்குமாகச் சேர்த்து நாளுக்குச் சுமார் 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கச் செய்வது பண்ணைகளின் வழக்கம். அந்தக் கோழியின் உடலுக்கு வருடம் முழுக்க முட்டைக்காலம்.

மதுரையில் பகல் எவ்வளவு நீள்கிறது?

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். எட்மன்டனில் கோடைப் பகல் 17 மணி நேரத்தைத் தாண்டும், குளிர்காலப் பகல் 8 மணி நேரத்துக்கும் கீழே சுருங்கும். அந்த மாற்றத்தைக் கவனிக்கத் தனித்திறமை ஒன்றும் வேண்டாம். நமக்கோ வருடம் முழுக்க ஆறு மணிக்கு விடிகிறது, ஆறு மணிக்கு இருட்டுகிறது. இங்கே நீளவும் குறுகவும் என்ன இருக்கிறது? அறிவியலாளர்களே நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். வெப்பமண்டலப் பறவைகளுக்குப் பகல் நீளம் பயன்படாது என்று எழுதியும் வைத்தார்கள்.

மதுரைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினசரி காலண்டர்களில் உதயமும் அஸ்தமனமும் போட்டிருப்பார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் போதும்.

டிசம்பர் 21, ஆண்டின் மிகச் சிறிய பகல்களில் ஒன்று. மதுரையில் சூரியன் சுமார் 6:30க்கு உதித்து, மாலை 6:02க்கு மறைகிறது. பகல் 11 மணி 32 நிமிடம். ஜூன் 21இல் அது 12 மணி 42 நிமிடம் வரை போகும். ஆக, ஆண்டு முழுவதும் சேர்ந்து வித்தியாசம் 70 நிமிடம்தான்.

இப்போது பிப்ரவரி 15ஐப் பாருங்கள். மாசி பிறந்து இரண்டு மூன்று நாள். உதயம் சுமார் 6:37. டிசம்பரைவிடச் சூரியன் தாமதமாக எழுகிறது! காலையில் எழுந்து பார்க்கும் யாருக்கும் பகல் நீள்கிறது என்றே தோன்றாது. பெரியம்மா பனி விடவில்லை என்று சொன்னதும் அதனால்தான். ஆனால் அஸ்தமனம் 6:26க்குப் போய்விட்டது. காலையில் 7 நிமிடம் இழப்பு, மாலையில் 24 நிமிடம் வரவு. பகலின் நீளம் 11 மணி 49 நிமிடம். மார்கழியின் அந்தச் சிறிய பகலைவிட 17 நிமிடம் அதிகம்.

எட்டு வாரத்தில் 17 நிமிடம் என்றால், நாளுக்குச் சராசரியாக 20 நொடிகூட இல்லை. ஒரு தம்ளர் காப்பி ஆறும் நேரமும் இல்லாத இதை ஒரு குருவி உணருமா?

பனாமாக் காட்டின் எறும்புக்குருவி

மிக்கேலா ஹாவ், மார்ட்டின் விகெல்ஸ்கி, ஜான் விங்ஃபீல்டு ஆகிய மூவரும் இதே கேள்வியோடு மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமா நாட்டின் மழைக்காட்டுக்குப் போனார்கள். அந்த இடம் வடக்கு அட்சரேகை 9 டிகிரி. மதுரை ஏறத்தாழ 10 டிகிரி. உலக உருண்டையில் அந்தக் காட்டிலிருந்து கிழக்கே ஒரு கோடு இழுத்தால், பாதி உலகத்தைக் கடந்து அது திருநெல்வேலிக்குக் கொஞ்சம் வடக்கே வந்து தொடும். அங்கே பகல் எவ்வளவு நீள்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் இங்கேயும்.

அங்கே வாழும் புள்ளி எறும்புக்குருவி, படை படையாகப் போகும் எறும்புகளைத் தொடர்ந்து, அவற்றுக்குப் பயந்து தாவும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் சிறிய பறவை. அவற்றைக் கூண்டில் வைத்து, உணவு, வெப்பம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டு, வெளிச்சத்தை மட்டும் மாற்றினார்கள். ஒரு மணி நேரம் கூட்டியபோது விதைப்பைகள் நன்றாக வளர்ந்தன. ஆண்கள் பாடத் தொடங்கின. பிறகுதான் நுட்பமான சோதனை. 17 நிமிடம் மட்டும் கூட்டினார்கள்.

அதற்கும் விதைப்பை வளர்ந்தது. பாட்டும் கூடியது. 1998இல் இந்த முடிவு வெளியானபோது, வெப்பமண்டலத்தில் பகல் மாறுவதே இல்லை என்ற பழைய எண்ணம் உடைந்தது.

இந்த ஆய்வை முதன்முதலில் படித்த அன்றுதான் நான் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு மதுரைக்குக் கழித்துப் பார்த்தேன். பிப்ரவரி நடுவில் அதே 17 வந்து நின்றபோது மேலும் இரண்டு தடவை கழித்தேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: சோதனை நடந்தது எறும்புக்குருவியை வைத்து, குயிலை வைத்து இல்லை. இரண்டு எண்களும் ஒன்றாக விழுந்தது குயிலைப் பற்றிய நிரூபணம் ஆகாது. ஆனால் நம் அட்சரேகையில் வாழும் ஒரு பறவையால் கால் மணி நேர மாற்றத்தை உணர முடியும் என்பது நிரூபணமான உண்மை. அந்தக் கால் மணி நேரம் நம் தோட்டத்தில் சேர்ந்து முடிவது மாசி பிறக்கும் வாரத்தில் என்பதும் உண்மை.

மண்டை ஓட்டுக்குள் ஒரு சாளரம்

வெளிச்சத்தைப் பறவை எதனால் உணர்கிறது? கண்ணால் என்றுதான் எல்லோரும் சொல்வோம். 1930களில் பிரான்சில் ழாக் பெனுவா வாத்துகளை வைத்தும், 1960களின் இறுதியில் அமெரிக்காவில் மைக்கேல் மெனக்கர் சிட்டுக்குருவிகளை வைத்தும் செய்த சோதனைகள் வேறு பதிலைத் தந்தன. பார்வையற்ற சிட்டுக்குருவிகளும் பகல் நீண்டதை உணர்ந்தன. அவற்றின் விதைப்பைகளும் வளர்ந்தன. மெனக்கர் குழுவினர் தலையின் தோலுக்கு அடியில் கறுப்பு மையைச் செலுத்தி, மூளைக்குப் போகும் வெளிச்சத்தைக் குறைத்தார்கள். அதுவரை நீண்டதாக இருந்த பகல், அந்தக் குருவிகளுக்குக் குறுகியதாகிவிட்டது. சோதனை நமக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் அதிலிருந்து கிடைத்த உண்மை பெரியது. பறவைக்கு வெளிச்சம் மண்டை ஓட்டின் வழியாகவே மூளைக்குள் இறங்குகிறது.

நம்ப முடியவில்லை என்றால், இருட்டு அறையில் டார்ச்சை உள்ளங்கைக்குள் அழுத்திப் பிடித்து எரியவிடுங்கள். விரல்களின் ஓரம் செவ்வொளியாக மின்னும். சதையைத் துளைத்துக்கொண்டு சிவப்பு ஒளி வெளியே வருகிறது. சிட்டுக்குருவியின் மண்டை ஓடு நம் விரலைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது. அதன் மூளையின் அடிப்பகுதியில் உள்ள சில நரம்பணுக்கள் அந்த ஒளியை நேரடியாக உணர்கின்றன. அந்த ஒளியில் உருவம் தெரியாது, நிறம் தெரியாது; வெளிச்சம் உண்டா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

அதை வைத்து நிமிடக்கணக்கு எப்படி? எர்வின் பியூனிங் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் 1936இல் சொன்ன யோசனை இதற்கு வழிகாட்டியது. ஒவ்வோர் உயிருக்குள்ளும் ஒரு நாள் கடிகாரம் ஓடுகிறது. விடிந்ததிலிருந்து குறிப்பிட்ட மணி நேரம் கழிந்ததும் அந்தக் கடிகாரம் ஒரு கதவைத் திறந்து வெளியே எட்டிப்பார்க்கிறது. இருட்டாக இருந்தால் சாத்திக்கொள்ளும். வெளிச்சம் இன்னும் இருந்தால், 'இது நீண்ட பகல்' என்று குறித்துக்கொள்ளும். ஆக, பறவை பகல் முழுவதையும் அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை. அந்த ஒரு வேளையில் எட்டிப்பார்த்தால் போதும். மார்கழியில் கதவு திறக்கும்போது இருட்டிவிடுகிறது. மாசியில் அதே வேளையில் மேற்கே வெளிச்சம் மிச்சமிருக்கிறது.

கதவுக்கு அப்பால் நடப்பதை ஜப்பானியக் காடையில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நம்மூர்ப் பண்ணைகளில் வளர்க்கும் அதே காடைதான். நீண்ட பகல் என்ற குறிப்பு கிடைத்ததும் மூளையின் அடிப்பகுதியில் தைராய்டு ஹார்மோன் செயலூக்கம் பெறுகிறது என்பதை நகோயா பல்கலைக்கழகத்தின் தகாஷி யோஷிமுரா குழுவினர் 2003இல் காட்டினார்கள். அங்கிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கும், அதன் வழியே இனப்பெருக்க உறுப்புகளுக்கும் ஆணை போகிறது. காடைக்கு ஒரே ஒரு நீண்ட பகலைக் காட்டினால் போதும். மறுநாள் விடிவதற்குள் இரத்தத்தில் ஹார்மோன் ஏறத் தொடங்கியிருக்கும்.

சூரியன் இல்லாமலும் ஓடும் ஆண்டு

நாள் கடிகாரம் போலவே, சில பறவைகளுக்குள் ஆண்டுக் கடிகாரமும் ஓடுகிறது. எபர்ஹார்டு குவின்னர் என்ற ஜெர்மானியர் கிழக்கு ஆப்பிரிக்காவின் நிலநடுக்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த சிறு பறவைகளைப் பகலும் இரவும் என்றும் மாறாத அறையில் ஆண்டுக்கணக்கில் வளர்த்தார். வெளியிலிருந்து எந்தச் சேதியும் இல்லாமலே அவற்றின் உறுப்புகள் வளர்ந்தன, சுருங்கின, இறகுகள் உதிர்ந்தன, முளைத்தன, மறுபடி வளர்ந்தன. ஆனால் அந்த 'ஆண்டு' பன்னிரண்டு மாதத்தைவிடக் குறுகியதாக இருந்தது. கொஞ்சம் வேகமாக ஓடும் சுவர்க் கடிகாரத்தை வானொலி மணியோசை கேட்டுத் தினமும் திருத்தி வைப்போமே, உள்ளே ஓடும் ஆண்டை வெளியே மாறும் பகல் அப்படித்தான் திருத்தி வைக்கிறது.

செம்பருத்திக் கிளையில்

வெளிச்சம் மாதத்தைச் சொல்லும். வாரத்தைச் சொல்ல வேறு ஆள் வேண்டும். அதே எறும்புக்குருவிகளுக்கு வழக்கமான உணவோடு உயிருள்ள பூச்சிகளையும் கொடுத்துப் பார்த்தபோது, பாட்டு இன்னும் கூடியது. வயிறு ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது. துள்ளும் பூச்சியைக் கண்டதே ஊக்கம் தந்தது. சில பறவைகளுக்கு மழையே முதன்மையான குறிப்பு. வேடந்தாங்கலில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவது வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்த பிறகு. தூக்கணாங்குருவியும் மழையை ஒட்டியே கூடு பின்னும். ஒவ்வொரு பறவையும் தன் குஞ்சுக்கு எது உணவோ, அதற்கு முன்னால் எது வருமோ, அதைக் கவனிக்கிறது.

இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு நான் காட்டும் பறவை ஊதாத் தேன்சிட்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண், வெயில் பட்டால் ஊதாவும் நீலமுமாக மின்னும் கறுப்பு. மழைக்காலத்தில் அந்த உடையைக் களைந்துவிட்டுப் பெண்ணைப்போல் மங்கிய மஞ்சளாகிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை மைக்கோடு போட்டதுபோல் ஒரு கறுப்புப் பட்டை மட்டும் மிஞ்சும். தையில் செம்பருத்தியையோ முருங்கைப் பூவையோ தேடிவரும் ஆண்களைக் கூர்ந்து பாருங்கள். தோளில் ஒரு கறுநீலத் திட்டு, நெற்றியில் ஒன்று, மார்பில் பாதி. மஞ்சள் துணியில் மை கொட்டிய மாதிரி இருக்கும். வாரா வாரம் மை பரவும்.

எங்கள் செம்பருத்தியில் ஒருமுறை பெண் தேன்சிட்டு கூடு வைத்தது. சன்னலுக்கு ஒரு முழ தூரம். முதல் நாள் கிளை நுனியில் சிலந்தி நூலைச் சுற்றிச் சுற்றி ஒட்டியது. அலகால் இழுத்துப் பார்த்தது, அறுந்தது, மறுபடி கொண்டுவந்தது. அடுத்தடுத்த நாள்களில் நார், சருகுத் துணுக்கு, மரப்பட்டைத் தூள், புழுவின் எச்சம்கூட ஒட்டி நீளமான பை ஒன்று தொங்கியது. பக்கவாட்டில் ஒரு வாசல். வாசலுக்கு மேலே மழை படாதபடி சின்னத் தாழ்வாரம். பை நிறைந்ததும் உள்ளே போய் உட்கார்ந்து, மார்பால் அழுத்தி அழுத்தி இடம் விரித்தது. ஆண் பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து பாடிக்கொண்டே இருந்தது. பார்க்காதவர்கள் குப்பை என்று பிய்த்துப் போட்டுவிடுவார்கள். அவ்வளவு இயல்பாகச் செடியோடு ஒட்டியிருந்தது.

அதே வாரங்களில் குண்டுகரிச்சான் மொட்டைமாடித் தொட்டி மேல் ஏறி நின்று வாலைத் தூக்கிக்கொண்டு பாடத் தொடங்கும். குக்குறுவான் உலர்ந்த கிளையில் பொந்து குடைந்துகொண்டு, நடுப்பகலில் செப்புப் பாத்திரம் தட்டுவதுபோல் டொங், டொங் என்று ஓயாமல் ஒலிக்கும். சூறைக்குருவிகள் தென்மாவட்டங்களின் அந்தி வானத்தில் பெருந்திரளாகச் சுழன்றுவிட்டு, மத்திய ஆசியாவுக்குக் கிளம்பத் தயாராகும்.

தெருவிளக்கு சொல்லும் பொய்

வெளிச்சத்தை நம்பும் உடலுக்கு நாம் பொய்யான வெளிச்சத்தைக் காட்டினால் என்ன ஆகும்? 2013இல் ஜெர்மனியில் டேவிடே டோமினோனி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பிளாக்பேர்டு என்ற பறவைகளுக்கு இரவு முழுக்க 0.3 லக்ஸ் வெளிச்சம் கொடுத்தார்கள். வானில் முழுநிலவு உச்சியில் நிற்கும்போது கிடைக்கும் வெளிச்சத்தை ஒட்டிய அளவு அது. இரவெல்லாம் இருட்டில் இருந்தவற்றைவிட அந்த ஆண்பறவைகளின் உடல் ஒரு மாதம் வரை முந்தி இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டது. நம் தெருவின் எல்ஈடி விளக்கின் கீழே நின்று செய்தித்தாளே படிக்கலாம். அதன் பக்கத்துக் கிளையில்தான் கொண்டைக்குருவி உறங்குகிறது.

பருவநிலை மாற்றம் இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து கொண்டுவருகிறது. நெதர்லாந்தின் ஹோகே வெலுவே காட்டில், நம் பட்டாணிக்குருவிக்கு நெருங்கிய உறவான ஒரு பறவையைப் பல பத்தாண்டுகளாகக் கண்காணித்து வருகிறார்கள். வசந்தம் சூடாகிக்கொண்டே வந்ததில் அங்கே ஓக் மரத்துப் புழுக்கள் முன்கூட்டியே பெருகத் தொடங்கின. குருவிகள் முட்டையிடும் நாள் அதற்கு ஈடாக முந்தவில்லை என்று மார்செல் விசரும் உடன் பணியாற்றியவர்களும் 1998இல் எழுதினார்கள். புழுவின் காலண்டர் வெப்பத்தைப் பார்க்கிறது. குருவியின் காலண்டர் பெரும்பாலும் சூரியனைப் பார்க்கிறது. சூரியன் மாறவில்லை, வெப்பம் மாறிவிட்டது. இடையில் பட்டினி கிடப்பது குஞ்சு.

நம் மாவட்டங்களில் இப்படி எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று சொல்ல நீண்டகாலக் குறிப்புகள் வேண்டும். அவற்றை எழுதப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. வாசலில் நின்று கேட்கும் ஒரு காது போதும். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி நடுவில் நான்கு நாள், வீட்டைச் சுற்றிக் காணும் பறவைகளை எண்ணி எழுதும் உலகளாவிய கணக்கெடுப்பு நடக்கிறது. 1998இல் அமெரிக்காவில் தொடங்கியது. 2013 முதல் இந்தியாவிலும் நடக்கிறது. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் தனியாக ஒரு பறவைக் கணக்கெடுப்பு உண்டு. பொங்கலில் எண்ணியதையும் ஒரு மாதம் கழித்து எண்ணியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஊமையாக இருந்த குயில்கள் எப்போது வாய் திறந்தன என்பது உங்கள் கையெழுத்திலேயே தெரியும்.

இரவில் மொட்டைமாடி விளக்கைத் தேவையில்லாமல் எரியவிடாதீர்கள். செம்பருத்தியில் தொங்கும் குப்பையைப் பிய்ப்பதற்கு முன் பக்கவாட்டில் ஒரு வாசல் இருக்கிறதா என்று பாருங்கள். மாசி பிறந்ததும் விடியுமுன் ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். முதல் கூவல் கேட்ட நாளில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து எறியாமல், அதன் பின்பக்கம் நேரத்தை எழுதிப் பத்திரப்படுத்துங்கள். பெரியம்மா இப்போது அப்படித்தான் செய்கிறார். அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு காகிதக் கட்டு இருக்கிறது.